பரிணாமம் வெறும் தியரிதானா?

போன மாதம் அக்கா மகள் யூடியூபில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: “சித்தி, பரிணாமம் வெறும் தியரிதானாமே? இன்னும் யாரும் நிரூபிக்கலையாமே?”

அவள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். இந்தக் கேள்விக்கு அவளைவிட வயது அதிகம். நூறு வருடமாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்காக அமெரிக்காவில் ஓர் ஆசிரியர் குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்கிறார், ஒரு பள்ளி நிர்வாகக் குழு கிட்டத்தட்ட மொத்தமாகப் பதவி இழந்திருக்கிறது. நம் நாட்டில் பாதி அத்தியாயமே பாடப்புத்தகத்தை விட்டுப் போயிருக்கிறது. மத நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் வகுப்பறையில் என்ன சண்டை என்று புரிந்துகொள்ள, இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே போதும். அவளுக்கு அன்று சொன்னதையும், பிறகு யோசித்துச் சேர்த்ததையும் எழுதுகிறேன்.

முதல் சிக்கல் ‘தியரி’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. “அது என்னோட தியரி” என்று ஒருவர் சொன்னால், அவர் குத்துமதிப்பாக ஏதோ ஊகிக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். “தியரி வேற, பிராக்டிகல் வேற” என்றால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பொருள். இரண்டிலுமே தியரி என்றால் நிஜத்துக்கு ஒரு படி கீழே. இந்தக் காதோடுதான் நாம் ‘பரிணாமத் தியரி’ என்பதையும் கேட்கிறோம்.

தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன, கருதுகோள் என்றும் கோட்பாடு என்றும். வித்தியாசத்தை ஓர் உலக்கையை வைத்துச் சொல்கிறேன்.

2019 டிசம்பர் 26-ம் தேதி காலை நாங்கள் திண்டுக்கல்லில் அம்மா வீட்டில் இருந்தோம். அன்று வளையச் சூரிய கிரகணம். எட்டு மணிக்குத் தொடங்கி, ஒன்பதரை மணிவாக்கில் சூரியன் ஒரு வளையலாக நின்றது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஆச்சி வாசலில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை வைத்து, தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தினார். மெல்லக் கையை எடுத்தார். உலக்கை நின்றது! தெருவே கூடிவிட்டது. “கிரகணம் புடிச்சிருக்கிற வரைக்கும்தான் நிக்கும், விட்டதும் சாஞ்சிடும்” என்றார் ஆச்சி. பத்தரை மணிக்கு யாரோ ஒரு பையன் தாம்பாளத்தைத் தட்டிவிட, சாய்ந்தும் விட்டது.

‘கிரகணத்தின் சக்திதான் உலக்கையை நிறுத்துகிறது’ என்பது ஒரு கருதுகோள். நல்ல கருதுகோளும்கூட, ஏனென்றால் அதைச் சோதித்துப் பார்க்க முடியும். அது உண்மையென்றால் கிரகணம் இல்லாத நாளில் உலக்கை நிற்கக் கூடாது. பொங்கலுக்கு முன் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, அதே தாம்பாளம், அதே உலக்கை. அம்மாவே நிறுத்திப் பார்த்தார். இரண்டு தடவை சாய்ந்தது, மூன்றாவது தடவை நின்றது. அடியில் பூண் போட்டுத் தட்டையாக இருக்கிற உலக்கை, எடை சரியாக அடிப்பாகத்துக்கு நேர் மேலே விழுமாறு பொறுமையாக வைத்தால் எந்த நாளிலும் நிற்கும். ஆச்சியின் கருதுகோள் தோற்றுப்போனது, ஈர்ப்பு மையம் என்ற விளக்கம் தேறிவிட்டது.

ஒரு விளக்கம் இப்படிப் பல இடங்களில், பல பேர் கையில் அடிபட்டும் தேறி, தனித்தனியாகக் கிடந்த நூறு உண்மைகளை ஒன்றாகக் கோத்துக் காட்டத் தொடங்கும்போதுதான் அதைக் கோட்பாடு என்கிறோம். பொருள்கள் எல்லாம் அணுக்களால் ஆனவை என்பது அணுக் கோட்பாடு. காலரா கிருமியால் வருகிறது என்பது கிருமிக் கோட்பாட்டில் சேர்ந்தது. “கிருமி வெறும் தியரிதான்” என்று சொல்லி யாரும் ஊசி போடாமல் இருப்பதில்லை. கோட்பாடு ஒரு நாள் பதவி உயர்வு வாங்கி ‘உண்மை’ ஆகப்போவதுமில்லை. உண்மைகளை விளக்குவதுதான் அதன் வேலை. அறிவியலில் அதைவிடப் பெரிய இடம் ஒன்று கிடையாது.

பரிணாமமும் அப்படித்தான். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறுகின்றன, இன்றைய உயிர்கள் எல்லாம் பொதுவான மூதாதைகளிடமிருந்து கிளைத்தவை, அந்த மாற்றத்தில் இயற்கைத் தேர்வுக்கு, அதாவது சூழலுக்குப் பொருந்திய உயிர்கள் அதிகமாகப் பிழைத்துப் பெருகுவதற்கு, பெரிய பங்கு உண்டு. 1859-ல் டார்வின் தன் நூலை வெளியிட்டபோது மரபணு என்ற சொல்லே இல்லை. அதற்குப் பிறகு வந்த மரபியல் இந்தக் கோட்பாட்டைக் கவிழ்த்திருக்கலாம். கவிழ்க்கவில்லை, எப்படிக் கவிழ்க்கவில்லை என்பது ஒரு நீதிமன்றத்தில் விலாவாரியாகப் பேசப்பட்டது. அந்த வழக்கைத்தான் நிதானமாகப் பார்க்கப்போகிறோம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்று ஒரு சின்ன ஊர். 2004 அக்டோபரில் அந்த ஊர்ப் பள்ளி நிர்வாகக் குழு ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஒரு தீர்மானம் போட்டது. ஒன்பதாம் வகுப்பில் பரிணாமப் பாடம் தொடங்குமுன் ஆசிரியர் ஒரு சிறு அறிக்கையை வாசிக்க வேண்டும். டார்வினின் கோட்பாடு ஒரு கோட்பாடு மட்டுமே, உண்மை அல்ல, அதில் இடைவெளிகள் உண்டு, ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ (உயிர்களை அறிவுள்ள ஒருவர் திட்டமிட்டு வடிவமைத்தார் என்பது) என்று வேறு ஒரு விளக்கமும் இருக்கிறது, அதைப் பற்றி அறிய நூலகத்தில் புத்தகம் வைத்திருக்கிறோம். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகாத அறிக்கை. அக்கா மகள் பார்த்த வீடியோ கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது என்று கேட்டபோது எனக்குப் பகீரென்றது.

அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தவறு என்று தெரிந்த ஒன்றை மாணவர்களிடம் சொல்வது தங்கள் தொழில் நெறிக்கு விரோதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வேலைக்கு உலை வைக்கும் என்று தெரிந்தே எழுதினார்கள். அதனால் 2005 ஜனவரியில் நிர்வாக அதிகாரிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர்கள் வெளியே போய் நின்றார்கள். நான் இந்த வழக்கைப் பற்றிப் படித்ததில் மனதை விட்டுப் போகாத காட்சி அதுதான்.

பதினொரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அரசுப் பள்ளி ஒரு மதத்தின் கொள்கையைப் பரப்பக் கூடாது என்பது அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம். ஆக, கேள்வி இரண்டு: அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியலா, இல்லை வேறு பெயரில் வந்த மதப் போதனையா?

இரண்டாவது கேள்விக்கு விடை ஓர் எழுத்துப்பிழையிலிருந்து வந்தது. நூலகத்தில் வைத்த ‘ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்’ என்ற அந்தப் புத்தகத்தின் பழைய வரைவுகள் நீதிமன்றத்துக்கு வரவழைக்கப்பட்டன. 1987-ல் உச்ச நீதிமன்றம் ஒரு லூசியானா வழக்கில், கடவுள் படைப்புக் கொள்கையை அரசுப் பள்ளியில் அறிவியல் என்று கற்பிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்புக்கு முந்தைய வரைவுகளில் ‘படைப்பு’ என்று இருந்த சொற்கள், பிந்தைய வரைவில் ஏறக்குறைய 150 இடங்களில் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்று மாற்றப்பட்டிருந்தன. விளக்கம் அப்படியே, பெயர் மட்டும் புதிது. ஓரிடத்தில் மாற்றியவரின் கை தவறியிருக்கிறது. ‘கிரியேஷனிஸ்ட்ஸ்’ (படைப்புக் கொள்கைக்காரர்கள்) என்பதை எடுத்துவிட்டு ‘டிசைன் புரொபோனன்ட்ஸ்’ (வடிவமைப்பை ஆதரிப்பவர்கள்) என்று போடும்போது, பழைய சொல்லின் தலையும் வாலும் ஒட்டிக்கொண்டு ‘சிடிசைன் புரொபோனன்ட்சிஸ்ட்ஸ்’ என்று நின்றுவிட்டது.

முதல் கேள்விக்குச் சாட்சி சொல்ல வந்தவர் கென்னத் மில்லர், பிரவுன் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர். டோவர் பள்ளியில் பயன்படுத்திய உயிரியல் புத்தகத்தை எழுதியவர்களில் ஒருவர். தவறாமல் தேவாலயம் போகும் கத்தோலிக்கரும்கூட. அவர் குரோமோசோம்களை வைத்து ஒரு விஷயம் சொன்னார்.

குரோமோசோம் என்பது உயிரணுவுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழை. மனிதருக்கு 23 ஜோடி குரோமோசோம்கள். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் ஒராங்குட்டானுக்கும் 24 ஜோடி. நாமும் அவையும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருந்தால் அந்த ஒரு ஜோடி எங்கே போயிற்று? ஒரு முழு குரோமோசோம் ஜோடி தொலைந்துபோனால் உயிர் பிழைக்காது. ஆகவே பரிணாமம் சரியென்றால் ஒரே வழிதான். நம் முன்னோர் வரிசையில் எப்போதோ இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். அப்படி ஒட்டியதற்குத் தழும்பு இருந்தாக வேண்டும். தழும்பு இல்லையென்றால் கோட்பாட்டுக்கே ஆபத்து.

தழும்பு எப்படி இருக்கும்? புடவைக்கு ஒரு முனையில் முந்தானை உண்டு. இரண்டு புடவைகளை முந்தானையோடு முந்தானை வைத்துத் தைத்துவிட்டு உங்கள் கையில் கொடுத்தால், ஒரே நீளத் துணி என்று நினைப்பீர்களா? நடுவில் முந்தானை டிசைன் எதிரெதிராக இருப்பதைப் பார்த்ததுமே இது இரண்டு புடவை என்று சொல்லிவிடுவீர்கள். குரோமோசோமின் முனைக்கும் அப்படி ஒரு டிசைன் உண்டு, டெலோமியர் என்று பெயர். டி.என்.ஏ.வின் எழுத்துகளில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்து அங்கே திரும்பத் திரும்ப வரும். அது முனையில் இருக்க வேண்டிய ஒன்று. மனிதரின் இரண்டாம் குரோமோசோமில் அது நடுப்பகுதியிலும் இருக்கிறது, ஒரு பக்கம் நேராகவும் மறு பக்கம் தலைகீழாகவும். ஒட்டிய அந்த இடத்தை 1991-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். குரோமோசோமுக்கு இடுப்பு மாதிரி சென்ட்ரோமியர் என்று ஒன்று உண்டு, ஒன்றுக்கு ஒன்றுதான் இருக்கும். இதில் வேலை செய்யும் சென்ட்ரோமியர் ஒன்றும், செயலிழந்த இன்னொன்றின் எச்சமும் இருக்கின்றன. சிம்பன்சியின் எந்த இரண்டு குரோமோசோம்களோடு இது பொருந்துகிறது என்பதும் தெரியும். அவற்றை இன்று 2ஏ, 2பி என்றே குறிப்பிடுகிறார்கள்.

‘வெறும் தியரி’ என்று சொல்பவரிடம் நான் இதைத்தான் காட்டுவேன். கோட்பாடு முன்கூட்டியே தலையைக் கொடுத்தது: இங்கே தேடு, இப்படி ஒன்று இருக்கும், இல்லையென்றால் நான் தவறு. தேடினார்கள், இருந்தது. அறிவார்ந்த வடிவமைப்பு இப்படி எதையும் சொல்வதில்லை. இரண்டாம் குரோமோசோமில் தழும்பு இருந்தால் ‘வடிவமைத்தவர் அப்படிச் செய்தார்’, இல்லாவிட்டாலும் ‘வடிவமைத்தவர் அப்படிச் செய்தார்’. எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கத்தைச் சோதிக்க வழியே இல்லை. அந்தத் தரப்பின் முக்கிய சாட்சியான மைக்கேல் பெஹியைக் குறுக்கு விசாரணை செய்தபோது, அறிவியல் கோட்பாட்டுக்கு அவர் தரும் இலக்கணப்படி பார்த்தால் ஜோதிடமும் அதில் அடங்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

2005 டிசம்பர் 20-ம் தேதி நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பு வழங்கினார். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, அதை வகுப்பில் புகுத்தியது அரசியலமைப்புக்கு விரோதம். அவரை நியமித்தவர் குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் புஷ். தீர்ப்புக்குப் பிறகு கொலை மிரட்டல் வந்து, அவரும் குடும்பமும் போலீஸ் பாதுகாப்பில் இருக்க நேர்ந்தது. தீர்ப்பு வருவதற்கு முந்தைய மாதமே ஊர்த் தேர்தலில், அந்தக் கொள்கையை ஆதரித்துப் போட்டியிட்ட எட்டு உறுப்பினர்களும் தோற்றுவிட்டார்கள். வழக்குச் செலவாகப் பள்ளி மாவட்டம் பத்து லட்சம் டாலர் கட்டியது. பிள்ளைகளுக்குச் செலவழித்திருக்க வேண்டிய பணம்.

இதையெல்லாம் கேட்டால் மத நம்பிக்கையாளர்கள் எல்லாரும் அறிவியலுக்கு எதிரி என்று தோன்றிவிடும். அப்படி இல்லை. டோவரில் பரிணாமத்துக்காகச் சாட்சி சொன்ன மில்லரே நம்பிக்கையாளர்தான். பிரபஞ்சம் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து விரிந்தது என்ற கருத்தை முதலில் முன்வைத்த ஜார்ஜ் லெமெய்த்தர் கத்தோலிக்கப் பாதிரியார். பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-ல் சொன்னவர் போப் இரண்டாம் ஜான் பால்.

எதிர்த்தவர்களின் பயத்தையும் நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 1925-ல் டென்னஸி மாநிலத்தில், மனிதன் கீழான உயிரினத்திலிருந்து வந்தான் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பதைத் தடுத்து ஒரு சட்டம் வந்தது. அதை மீறியதாக டேட்டன் என்ற ஊரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் மேல் வழக்கு. ஜூலை வெயிலில், கூட்டம் தாங்காமல் நீதிமன்றம் ஒரு கட்டத்தில் புல்வெளிக்கே வந்தது. அரசுத் தரப்பில் நின்றவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்றவர், ஏழைகளுக்காகப் பேசியவர். அவரைப் பழமைவாதி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ‘வலியது வாழும்’ என்பதைச் சமூகத்துக்குப் பொருத்தினால் எளியவர்கள் மிதிபடுவார்கள் என்று அவர் உண்மையாகவே பயந்தார். ஸ்கோப்ஸ் பயன்படுத்திய ‘சிவிக் பயாலஜி’ பாடப்புத்தகத்தைப் பிரித்தால், மனிதரை இனவாரியாக உயர்வு தாழ்வு பிரித்து, ‘தகுதியற்றவர்கள்’ பிள்ளை பெறக் கூடாது என்று போதிக்கும் பகுதிகளும் இருந்தன. அது அறிவியல் சட்டை போட்டு வந்த கொடுமை. பின்னால் அறிவியலே அதைத் தவறு என்று காட்டியது. பிரையனின் பயத்தில் நியாயம் இருந்தது, அவர் கேட்ட மருந்துதான் தவறு. ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விழுந்து, பிறகு ஒரு சட்ட நுணுக்கத்தால் அது ரத்தானது. அந்தச் சட்டம் 1967 வரைக்கும் இருந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

இங்கே பரிணாமத்தைத் தடை செய்து சட்டம் எதுவும் வந்ததில்லை. சமச்சீர் பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று தனிப் பாடமே இருக்கிறது. ஆனால் 2018 ஜனவரியில் மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் சொன்னது அறிவியல்படி தவறு, குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததாக நம் முன்னோர் சொல்லவில்லை என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. பரிணாமக் கோட்பாடு அப்படிச் சொல்லவே இல்லையே! இன்றைய குரங்கும் நாமும் ஒரே பாட்டியின் வெவ்வேறு கிளை. என் சித்தப்பா மகள் எனக்குத் தாய் ஆகிவிட மாட்டாள்.

அப்புறம் கோவிட் காலத்தில் பாடச் சுமையைக் குறைக்கிறோம் என்று, சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பின் ‘மரபும் பரிணாமமும்’ அத்தியாயத்தில் பரிணாமத்தை எடுத்துவிட்டது. 2023-ல் வந்த புதிய புத்தகத்திலும் அது இல்லை. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்று பதில் வந்தது. உண்மைதான், இருக்கிறது. ஆனால் உயிரியல் எடுக்காத பிள்ளைகள்? அக்கா மகள் அடுத்த வருடம் பத்தாவது, அதற்குப் பிறகு காமர்ஸ் எடுக்கப்போகிறாளாம். பள்ளியில் அவள் பரிணாமத்தைச் சந்திக்கப்போவதே இல்லை, வீடியோவில்தான் சந்திப்பாள்.

நீதிமன்றங்களும் இங்கே வேறு மாதிரி. பல்கலைக்கழகங்களில் ஜோதிடத்தை அறிவியல் பட்டமாக வைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2001-ல் முடிவெடுத்தபோது, விஞ்ஞானி பி.எம். பார்கவா வழக்குத் தொடுத்தார். கல்வி நிபுணர்களின் முடிவில் நாங்கள் தலையிட மாட்டோம் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. இத்தனைக்கும் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976-லிருந்து நம் அரசியலமைப்பின் 51ஏ பிரிவில் எழுதியிருக்கிறது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்று 28-வது பிரிவு சொல்கிறது.

இந்தப் பிரிவுகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2024-ல் சென்னையில் நடந்ததைச் சொல்வேன். தன்னம்பிக்கை உரை என்ற பெயரில் இரண்டு அரசுப் பள்ளிகளில் பேச வந்த ஒருவர், உடற்குறைகளோடு பிறப்பதற்குக் காரணம் முற்பிறவிப் பாவம் என்ற பொருளில் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எதிர்த்துக் கேட்டார். அவரோடு அந்தப் பேச்சாளர் வாக்குவாதம் செய்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பிறகு அவர் கைது செய்யப்பட்டார். கைது சரியா என்பது தனி விவாதம். எனக்கு முக்கியமாகத் தெரிவது அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான். கர்மவினையை ஒருவர் தன் வீட்டில் நம்பலாம், ஆறுதலாகக்கூட இருக்கலாம். அதையே பள்ளி மேடையில் மைக் பிடித்துச் சொல்லும்போது, எதிரே காலிப்பர் போட்டு உட்கார்ந்திருக்கும் சிறுமிக்கு ‘இது நீ செய்த பாவம்’ என்று அரசாங்கமே சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. போலியோ ஒரு வைரஸ், சொட்டு மருந்தால் அதை விரட்டினோம் என்பதைத்தான் அந்த மேடை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

வகுப்பில் ஒரு பிள்ளை, “டீச்சர், எங்க வீட்ல கடவுள்தான் படைச்சார்னு சொல்றாங்க, எது சரி?” என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஓர் ஆசிரியத் தோழி கேட்டாள். வீட்டைத் தாக்க வேண்டியதில்லை, பாடத்தை மழுப்பவும் வேண்டியதில்லை. “அறிவியல் வகுப்பில், சோதித்துப் பார்க்கக்கூடிய விளக்கத்தைப் படிக்கிறோம். இதற்கு ஆதாரம் இன்னின்னது. நீ நம்பியே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, ஆதாரத்தைப் புரிந்துகொள் என்று கேட்கிறேன்” என்று சொல்லலாம். கடவுள் உண்டா இல்லையா என்று இரண்டாம் குரோமோசோம் எதுவும் சொல்வதில்லை. ஆசிரியரும் அங்கே சொல்லத் தேவையில்லை.

அக்கா மகளும் கடைசியில் அதற்குத்தான் வந்தாள். “அப்போ பாட்டி சாமி கும்புடுறது?” பாட்டி இன்றைக்கும் கிரகணம் விட்ட பிறகு தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். பஞ்சாங்கம் கணித்தவர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். 1825-ல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கியே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை, சென்னை வானியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். தொடங்கும் நேரத்தில் சில நிமிடங்கள்தான் பிழை. ராகு விழுங்குவதாகக் கதை கேட்டு வளர்ந்த ஊர்தான், ஆனால் சோழி அடுக்கும்போது கணக்குத்தான் பேசியது.

நம் பக்கம் தெரியப்போகும் அடுத்த வளையச் சூரிய கிரகணம் 2031 மே 21, மதுரைப் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் தெரியும். அப்போது அவள் கல்லூரியில் இருப்பாள். உலக்கையைத் தான் எடுத்து வைப்பதாகவும், அதற்கு முந்தைய நாளும் அடுத்த நாளும் நிறுத்திப் பார்த்து நேரம் குறிக்கப்போவதாகவும் இப்போதே சொல்லியிருக்கிறாள். தாம்பாளம் தருவதாகப் பாட்டி ஒத்துக்கொண்டுவிட்டார்.